பங்குனி ஆமையும் கலாசாலை மாணாக்கரும்

முண்டியம்பாக்கத்தில் நின்று நோக்குவார்க்குக் கடல் தோன்றாது. இருப்புப்பாதையின் இருமருங்கும் கரும்புக் கொல்லைகளும், நெல்வயல்களும், அவற்றிற்கு நீர் தரும் ஏரிகளுமே கண்ணிற்படும். விழுப்புரம், விக்கிரவாண்டி, திண்டிவனம் ஆகிய ஊர்ப்பக்கங்களினின்று எம் கலாசாலைக்கு வரும் மாணாக்கரிற் பலர் கடலைப் பாடப் புத்தகத்திற் கற்றவரேயன்றி அதன் கரையில் ஓர் இரவைக் கழித்தவரல்லர். ஆயினும் கடல் நமக்கு அத்துணைச் சேய்மையதன்று. திண்டிவனத்தினின்று கிழக்கே செல்லும் சாலை மரக்காணத்தை அடைகின்றது, அதற்கப்பால் கடலே. செஞ்சிப் பக்கத்தினின்று வந்து, 1959-ஆம் ஆண்டிற் கட்டி முடிக்கப்பட்ட வீடூர் அணையில் தங்கி, விக்கிரவாண்டிப் பக்கமாய்ச் செல்லும் சங்கராபரணி யாறு புதுவைக்குத் தெற்கே கடலில் விழுகின்றது. இவ்வூர்ப் புறத்து ஓடைகளில் நாம் எறியும் பிளாஸ்டிக் பை மழைக்காலத்தில் எங்கே போகின்றதென்று கேட்பார்க்கு அவ்யாறே விடை கூறும்.

அக்கடலினின்று ஆண்டுதோறும் ஓர் உயிர் நம் கரைக்கு ஏறி வருகின்றது. அதனைக் காக்கும் பணியைக் கலாசாலை மாணாக்கர் சிலர் சென்னையில் மேற்கொண்டனர். மேற்கொண்டு, அப்பணியையே ஊரார்க்குச் சுற்றுச்சூழற் கல்வி புகட்டும் ஒரு பள்ளியாக்கினர். மாணாக்கர் எதனை மீட்டனர் என்பதினும், மீட்கப் புகுந்ததனால் எதனைக் கற்றனர், எவர்க்குக் கற்பித்தனர் என்பதே ஈண்டு யாம் ஆராயக் கருதியது.

இம்முறை நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. வட அமெரிக்காவின் மேலைக்கரையில் சால்மன் என்னும் மீன் உண்டு. அது மலையோடைகளின் கூழாங்கற்களிடையே பிறந்து, யாற்றின் வழியே கடலடைந்து, சில ஆண்டுகள் அங்கு வளர்ந்து, பின்னர்த் தான் பிறந்த ஓடையின் நீர்மணத்தை அறிந்து திரும்பி வந்து முட்டையிடும். அணைகளாலும், காடழிப்பாலும், மிகுதியான மீன்பிடிப்பாலும் அது குறைந்துவர, கனடா நாட்டு அரசாங்கத்தார் 1977-ஆம் ஆண்டில் அதனைப் பெருக்குதற்கு ஒரு திட்டம் தொடங்கினர். அதன் ஒரு கூறாகப் பள்ளிக்கூடங்களுக்கு மீன்முட்டைகள் வழங்கப்பட்டன. பிள்ளைகள் வகுப்பறையிற் குளிர்ந்த நீர்த்தொட்டி வைத்து, முட்டை பொரிவதைக் கண்டு, குஞ்சுகளை ஓடையிற் கொண்டு விடுவர். மீன்குஞ்சை விடச் சென்ற பிள்ளை ஓடையின் நீர் கலங்கியிருப்பதைக் காணும். ஏன் கலங்கியதென்று வீட்டிற் கேட்கும். ஒரு மீன்குஞ்சு ஒரு குடும்பத்தை ஓடைக்கரைக்கு இழுத்து வரும் விதம் இதுவே.

சால்மனைப் போன்று கடலினின்று யாறேறும் மீன் நமக்கும் ஒன்றிருந்தது. அஃது உல்லம். வங்காளத்தார் இலிஷ் என்று கொண்டாடும் மீனே அது. முன்னாளிற் காவிரியிலும் கொள்ளிடத்திலும் ஏறி வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸர் பிரெடரிக் நிக்கல்ஸன் என்பார் சென்னை மாகாண மீன்துறையை நடத்திய காலத்தில், கொள்ளிடத்துக் கீழணையில் உல்லத்தின் முட்டைகளைச் செயற்கையாய்ப் பொரிக்க முயன்று பார்த்தனர். அம்முயற்சி நிலைபெறவில்லை. 1934-இல் மேட்டூர் அணை எழுந்தபின் காவிரியில் உல்லத்தின் வரவு ஒடுங்கிற்று. இன்று கும்பகோணத்து இளைஞரிடம் உல்லம் யாதென வினவின் விழிப்பர். ஓர் உயிர் மறைந்து இரண்டு தலைமுறை கழியின் அதன் பெயரும் உடன் மறைகின்றது. ஆமையின் திறத்தில் அங்ஙனம் நேராமைக்கு மாணாக்கரின் கால்களும் ஒரு காரணமென்று யாம் கருதுகின்றோம்.

இனி அவ்வாமையின் இயல்பைச் சிறிது கூறுவாம். நம் கடல்களிற் காணப்படும் கடலாமை இனங்கள் ஐந்து. அவற்றுட் சோழமண்டலக் கரையில் மிகுதியாய் வருவதும் உருவிற் சிறியதுமானது பங்குனி ஆமை. சிற்றாமை என்பாரும் உளர். மார்கழி கழிந்தது முதல் பங்குனி இறுதி வரை அது முட்டையிட வருதலின் இப்பெயர் எய்திற்றுப் போலும். சிறியதென்றாலும் அதன் முதுகோடு இரண்டடிக்கு மேல் நீண்டது. நிறை நாற்பது கிலோவுக்கு முன்பின்னாக இருக்கும். பெண்ணாமை இருளில் அலைவரம்பைக் கடந்து உலர்மணலுக்கு ஏறி, பின்துடுப்புகளால் ஒன்றரை அடி ஆழத்திற் குடம் போன்ற குழி பறித்து, நூறு அல்லது நூற்றிருபது முட்டைகள் இடும். பின்பு மணலை மூடி, தன் உடலையே இருபுறமும் சாய்த்துச் சாய்த்துத் தட்டி இறுக்கி, மணலை வாரியிறைத்து அடையாளம் மறைத்துவிட்டுக் கடலுக்கு மீளும். இவையனைத்தும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். தாய் திரும்பிப் பார்ப்பதில்லை. மணற்சூடே அடைகாக்கும் தாய். நாற்பத்தைந்து முதல் அறுபது நாட்களிற் குஞ்சுகள் ஒருங்கே மேலெழும்.

ஒரிஸாவில் கஹிர்மாதா, ருஷிகுல்யா என்னுமிடங்களில் இவ்வாமைகள் இலட்சக்கணக்கிற் திரண்டு வந்து சில இரவுகளிலேயே முட்டையிடும். நம் கரைக்கோ தனித்தனியே, ஓரிரவில் ஒன்றும் இரண்டுமாக வரும். ஆகவே நம் கரையில் ஆமையைத் தேடுவார்க்குப் பொறுமை வேண்டும், கால்வலியும் வேண்டும்.

சென்னைக் கரையில் இவ்விரவு நடையைத் தொடங்கியவர் 1970-களின் முற்பகுதியிற் பாம்புப் பண்ணையைச் சார்ந்த ரோமுலஸ் விட்டேக்கரும் அவருடைய தோழர்களுமாவர். அவருள் ஸதீஷ் பாஸ்கர் என்பார் சென்னை ஐ.ஐ.டி.யிற் பொறியியல் பயின்றவர். படிப்பினும் கடல் அவரை வலிதாய் இழுத்தது. பிற்காலத்தில் இந்தியாவின் கரைகளையும் தீவுகளையும் பெரும்பாலும் கால்நடையாகவே சுற்றி, எங்கெங்கு எவ்வெவ் ஆமைகள் கூடு வைக்கின்றன என்பதை முதன்முதலாக முறையாய் எழுதி வைத்தவர் அவரே. 2023-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவர் தொடங்கிய நடையை மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தாரும் வனத்துறையாரும் சில காலம் பொரிப்பகம் வைத்துத் தொடர்ந்தனர். அவை நின்றுபோன நிலையில், 1988-ஆம் ஆண்டிற் சென்னைக் கலாசாலை மாணாக்கர் சிலர் ஒன்று கூடி மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் கூட்டமைப்பு என்னும் சங்கத்தை நிறுவினர். அவருட் கார்த்திக் சங்கர் என்பார் பின்னாளிற் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திற் பேராசிரியராகி, நாடறிந்த ஆமை ஆராய்ச்சியாளர் ஆயினர். அச்சங்கம் இன்றும் நிலைபெற்றுள்ளது. மூன்றாண்டிற் படிப்பு முடிந்து கலைந்துபோவது மாணாக்கர் சங்கங்களின் இயல்பாயிருக்க, இஃது ஒவ்வோராண்டும் புதியவரைச் சேர்த்து மூன்று பதிற்றாண்டுகளுக்கு மேல் நடந்து வருதல் வியத்தற்குரியதே. எம் கலாசாலையில் இக்காலத்துள் தோன்றி மறைந்த சங்கங்களின் பெயர்களை எழுதப் புகின் இம்மலரின் பக்கங்கள் போதா.

ஒரு மாசித் திங்களின் வார இறுதி இரவில் அவர்களுடன் நடக்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. வார இறுதியிற் பொதுமக்களும் உடன்வரலாம். நீலாங்கரைக் கரையில் இரவு பதினொரு மணிக்கு முன்பாகவே கூட்டம் கூடிற்று. உத்தியோகத்தர், வீட்டுப் பெண்டிர், பள்ளிப் பிள்ளைகள் எனப் பலதிறத்தார் வந்திருந்தனர். அவரை மணலில் அமரச் செய்து பேசியவள் ஒரு மாணாக்கி. வணிகவியல் படிப்பவள் என்று பின்னர் அறிந்தோம். ஆமையின் வாழ்வை அவள் அரைமணிப்போதிற் சொல்லி முடித்தாள். பின்பு வினாக்கள் எழுந்தன. ஒரு சிறுவன், “அக்கா, ஆமை ஏன் முட்டையைக் கடலிலேயே இடக்கூடாது?” என்றான். அவள் சற்றே நின்று, “முட்டைக்குள் இருக்கிற குஞ்சும் மூச்சு விட வேண்டும், தம்பி, தண்ணீருக்குள் அது மூச்சு முட்டிச் சாகும்” என்றாள். விலங்கியல் வகுப்பில் மூன்றாண்டு இருந்தும் இத்துணைத் தெளிவாய் விடை பகராதாரை யாம் கண்டதுண்டு. வினவுவோன் எட்டு வயதினனாயின் மனனம் செய்த சொற்கள் உதவா. பொருள் விளங்கியிருந்தாலன்றி வாய் திறவாது.

அங்கிருந்து பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர். விளக்கேற்றுதல் கூடாது, உரத்துப் பேசுதல் கூடாது. முன்னே செல்வோன் அலைவரம்பின் மேற்புறம் மணலை நோக்கிக்கொண்டே நடப்பான். ஆமை ஏறிய தடம் இரண்டு முழ அகலத்தில், கடலினின்று மேலே சென்று வளைந்து மீண்டும் கடலுக்கே இறங்கும். மணல் கலைந்த இடத்திற் கூடு எங்குள்ளது என்பதை மெல்லிய கோலால் ஊன்றி அறிவர். இறுகிய மணல் கோலை எதிர்க்கும். கூட்டின் மேல் மணல் சட்டெனத் தளரும். அத்தளர்வைக் கை உணர்தற்கு ஒரு பருவம் முழுதும் பயில வேண்டும் என்றனர். வலிந்து ஊன்றின் முட்டை உடையும்.

அன்றிரவு உயிருள்ள ஆமையை யாம் கண்டிலேம். ஒரு கூட்டினையே கண்டோம். இரண்டு மாணாக்கர் மணலிற் படுத்துத் தோள்வரை கையை விட்டு முட்டைகளை ஒவ்வொன்றாய் எடுத்துப் பையில் வைத்தனர். வெள்ளிய தோல் போன்ற ஓடு, மேசைப்பந்தின் அளவு. இட்ட சில மணி நேரத்திற்குள் எடுத்தல் வேண்டும். எடுக்குங்கால் உருட்டவோ குலுக்கவோ கூடாது. உள்ளிருக்கும் கரு சிறிது போதில் ஓட்டின் மேற்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் தலைகீழாயின் கரு கிழிந்து அழியும். ஒருவன் குழியின் ஆழத்தையும் வாயகலத்தையும் அளந்தான். மற்றொருத்தி நேரம், இடம், அலைவரம்பினின்று தூரம், முட்டைத்தொகை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதினாள். பெசன்ட் நகர்ப் பொரிப்பகத்தில் அவ்வளவிலேயே மற்றொரு குழி பறித்து முட்டைகளை வைத்து, எண் எழுதிய குச்சி ஒன்றை நட்டனர். நாய்களும் மணல் நண்டுகளும் முட்டை திருடும் மனிதரும் அணுகாதபடி வேலியுண்டு. நாற்பத்தைந்து நாட்கள் கழிந்தபின் ஒவ்வொரு மாலையும் அக்குழியின் மேற் கூடை கவிழ்த்து, இரவெல்லாம் அவ்வப்போது பார்த்தல் வேண்டும். குஞ்சுகள் போனபின் குழியைத் தோண்டி, ஓடுகளையும் பொரியாத முட்டைகளையும் எண்ணி எழுதுதல் வேண்டும். நாற்றம் பொறுக்கலாகாது. அதனைச் செய்ய அஞ்சி வாராதவர் உண்டோ என்று கேட்டோம். “வருகிறவர்களில் பாதிப்பேர் அந்த நாளோடு நின்றுவிடுவார்கள், ஐயா” என்றான் ஒருவன், சிரித்துக்கொண்டு.

முட்டையை இடம் மாற்றுதலில் ஓர் ஐயம் உண்டு. ஆமைக்குஞ்சு ஆணாவதும் பெண்ணாவதும் பிறப்பிலேயே முடிவானதன்று, மணற்சூட்டால் முடிவாவது. வெப்பம் ஏறத்தாழ இருபத்தொன்பது, முப்பது பாகையாயின் இருபாலும் கலந்து பிறக்கும். அதனின் மிகின் பெண்ணும், குறையின் ஆணும் மிகும். பொரிப்பகம் வெயில் மிக்க இடத்தில் அமையின் பெண்ணே பிறந்து தீரும். ஆகலின் பங்குனி வெயிலிற் பொரிப்பகத்திற்கு நிழற்பந்தல் இடுவர். கருணையினால் மட்டும் உயிரைக் காத்தல் இயலாது, வெப்பமானியும் வேண்டும். இதனை மாணாக்கர் நூலிற் படித்திருப்பினும், பந்தற்கால் நடும்போதே அது நெஞ்சிற் பதிகின்றது.

குஞ்சுகளைக் கடலில் விடும் மாலைப்பொழுதுகளிற் பெசன்ட் நகர்க் கரையில் மக்கள் திரள்வர். ஒருவர் கையில் எடுக்க விரும்புவர். ஒருவர் நேரே தண்ணீரில் விட்டால் என்ன என்பர். குஞ்சு மணலில் தானே நகர்ந்து செல்லுதல் வேண்டும் என்று மாணாக்கர் தடுப்பர். அது தாழ்ந்த அடிவானத்தில் எப்பக்கம் வெளிச்சமோ அப்பக்கம் செல்லும் இயல்பினது. மனிதன் விளக்கேற்றாத காலத்தில் விண்மீனொளியை ஏந்திய கடலே கரையினும் வெளிச்சமாயிருந்தது. இன்றோ தெருவிளக்குகளும் விடுதி விளக்குகளும் குஞ்சைச் சாலைக்கு அழைக்கின்றன. விடியலில் வண்டிச் சக்கரத்தில் நசுங்கியவற்றை மாணாக்கர் பலகாற் கண்டு, நகராட்சியாரிடத்தும் கடற்கரை வீட்டார் இடத்தும் சென்று, பருவத்தில் இரவு விளக்கணைக்க வேண்டினர். கடற்கரை விளக்குகளை அம்மாதங்களில் இரவிற் சில மணி நேரம் அணைக்கும் வழக்கம் அங்ஙனம் வந்தது. வீட்டுக்கதவைத் தட்டி, “உங்கள் மாடிவிளக்கை அணையுங்கள்” என்று அறிமுகமில்லாதாரிடம் பணிந்து கேட்கும் பயிற்சி எப்பரீட்சைக்கும் பாடமாக வைக்கப்பட்டதில்லை.

இவ்வளவோடு கட்டுரையை முடிப்பின் அது நல்லதொரு கதையாகவே முடியும். ஆயின் அன்றிரவு யாம் கண்டவற்றுள் மறவாதது அக்கூடன்று. திருவான்மியூரை அணுகும்போது அலைவரம்பில் ஒரு கரிய பாறை போன்றது கிடந்தது. அணுகிப் பார்த்தோம்; இறந்த ஆமை. கண்கள் பிதுங்கி, கழுத்து வீங்கியிருந்தது. ஓட்டின் நீள அகலங்களை அளந்து எழுதிய பின், மறுநாள் வருவோர் அதனையே மீண்டும் எண்ணாதபடி ஓட்டின்மேற் சாயக்கோடு இட்டனர். அதற்கப்பால் இன்னும் ஒன்று. விடிவதற்குள் நான்கு. கூடு ஒன்று; சவம் நான்கு.

2025-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் சென்னை, செங்கற்பட்டு முதலிய கரைகளில் ஒதுங்கிய ஆமைச் சவங்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதனைத் தானே வழக்காக எடுத்துக்கொண்டது. பரிசோதித்த உடல்களிற் பல மூச்சுமுட்டி இறந்த அடையாளம் காட்டின. கடலிலேயே வாழும் உயிர் நீரில் மூச்சுமுட்டி இறப்பது எங்ஙனம் என்று எம் மாணாக்கர் கேட்கின்றனர். ஆமைக்குச் செவுள் இல்லை. நம்மைப் போல நுரையீரலே. வேண்டும்போது மேலெழுந்து மூச்சு வாங்கும். இறால் பிடிக்கும் இழுவலைப் படகு வலையைக் கடலடியில் இரண்டு மூன்று மணி நேரம் இழுத்துச் செல்கின்றது. உள்ளே அகப்பட்ட ஆமை போராடப் போராட உயிர்ப்பு விரைந்து தீரும். வலை மேலே வரும்போது அது பிணமாயிருக்கும். அதனை விற்றல் குற்றம். 1972-ஆம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இடம்பெற்றுள்ளது. ஆகவே கடலில் எறிவர். சில நாட்களில் அலை அதனைக் கரைக்குக் கொணரும்.

ஆமைக்குஞ்சு ஆயிரத்தில் ஒன்றே வளர்ந்து முதிர்கின்றதென்று பொதுவாகக் கூறுவர். முதிர்வதற்குப் பத்தாண்டுகளுக்கு மேலாகும். தமிழ்நாட்டு வனத்துறையினர் 2024-ஆம் ஆண்டிற் கடலில் விட்ட குஞ்சுகள் இரண்டு இலட்சத்திற்கு மேற்பட்டன, பெருஞ்செயலே. ஆயின் ஆயிரத்தில் ஒன்று என்னும் கணக்கே உண்மையாயின், அவ்விரண்டு இலட்சத்தினின்று தேறுவது இருநூறு. மறு ஆண்டு ஒரு திங்களில் இறந்தவை ஆயிரம்; அவையோ பெரும்பாலும் முதிர்ந்தவை. இக்கணக்கை வகுப்பிற் கரும்பலகையில் எழுதிக் காட்டினோம். வகுப்பு நெடுநேரம் பேசாதிருந்தது.

ஆகையால் குஞ்சு விடும் விழாவோடு நின்ற மாணாக்கன் பாதியே கற்றவன் என்பது எம் கருத்து. பொரிப்பகம் தேவையில்லை என்பதன்று. நாயும் விளக்கும் மிக்க கரையில் அஃதின்றி முட்டை பிழையாது. சால்மன் மீனின் திறத்திலும் இவ்வாறே நிகழ்ந்தது. பொரிப்பகங்களிலிருந்து கோடிக்கணக்கான குஞ்சுகளை விட்டும், அணையும் கலங்கிய ஓடையும் மாறாத இடங்களில் இயற்கை மீன் பெருகவில்லை. குஞ்சு கண்ணுக்கு இனியது, கையில் அடங்குவது, படம் பிடித்தற்கு ஏற்றது. சவமோ மூக்கைப் பொத்த வைப்பது. அதனைப் பின்தொடர்ந்து கடலுக்குள்ளும், துறைமுகத்திற்குள்ளும், சட்டத்திற்குள்ளும் புகும் மாணாக்கனே சுற்றுச்சூழல் என்னும் சொல்லின் பொருளை அறிகின்றான்.

அங்ஙனம் புகுவோன் காண்பவை இவை. இழுவலையின் கழுத்தில் ஒரு சாய்ந்த கம்பிச்சட்டம் பொருத்தலாம். இறால் கம்பிகளின் இடைவெளியிற் புகுந்து பின்னே செல்லும். ஆமையோ கம்பியில் மோதி, மேலே விட்ட திறப்பின் வழியே வெளியேறிவிடும். இக்கருவியின்றிப் பிடித்த இறாலை வாங்கோம் என்று அமெரிக்க அரசாங்கத்தார் தடுத்தபோது, இந்தியாவும் மலேசியா, தாய்லாந்து, பாகிஸ்தான் ஆகிய நாடுகளும் உலக வாணிக நிறுவனத்தில் வழக்காடின. 1998-ஆம் ஆண்டில் மேன்முறையீட்டுத் தீர்ப்பு வந்தது. அமெரிக்கர் தம் தடையை நாடுகளிடையே ஒருதன்மையாய் நடத்தவில்லை என்று தீர்ப்புக் கூறிற்று. ஆமையைக் காக்கும் நோக்கத்தைக் குறை கூறவில்லை. 2019 முதல் நம் நாட்டுக் கடல் இறாலுக்கு அந்நாட்டுச் சந்தை அடைபட்டது. ஓர் ஆமையின் கழுத்து வீங்கியதற்கும் ஜெனீவா நகரத்து வழக்குமன்றத்திற்கும் உள்ள தொடர்பு இது.

மற்றொன்றும் காண்பான். கீழைக்கரையில் விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் அறுபத்தொரு நாள் மீன்பிடித் தடை உண்டு. அது தொடங்குவது ஏப்ரல் 15-ஆம் நாள். மீன் இனப்பெருக்கத்தைக் கருதி வைத்த நாள் அது. ஆமைப் பருவமோ அதற்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். ஆமைகள் கரையோரம் கூடும் தை, மாசித் திங்களுக்கெனவே, ஐந்து கடல் மைலுக்குள் இழுவலைப் படகு தொழில் செய்யலாகாதென்னும் விதி வந்தது. விதி உண்டு, கடலின் மேற் கோடு இல்லை. இரவிற் படகு எங்கே நிற்கிறதென்று கரையினின்று எவர் காண்பார்?

காண்பவர் ஒருவர் உளர். அவர் கட்டுமரத்திலும் சிறு பைபர் படகிலும் செல்லும் குப்பத்து மீனவர். கரையோரக் கடல் அவருக்கென ஒதுக்கப்பட்டது. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் முதன்மை நோக்கங்களுள் அஃதொன்று. பெரிய இழுவலை கரையோரம் வருமாயின் அவர் வலை அறும்; அவர் மீனும் போகும். ஆமையைக் கொல்லும் படகும் அவர் சோற்றைப் பறிக்கும் படகும் ஒன்றே. இதனை அறியாது குப்பத்திற்குச் சென்று ஆமையைப் பற்றி மட்டும் பேசும் மாணாக்கன் அவமானமுற்றுத் திரும்புவான். அவ்விடியலில் வலையுதறிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எம்மை நோக்கி, “ஆமை செத்தா ராத்திரியெல்லாம் நடந்து எழுதுறீங்க. என் வலை அறுந்தா எழுத எந்தக் காலேஜ்லயாவது புள்ளைங்க இருக்காங்களா?” என்றார். எம்முடன் நின்ற மாணாக்கர் எவரும் விடை கூறவில்லை, யாமும் கூறவில்லை. நீலாங்கரைப் பக்கத்தில் 2002-ஆம் ஆண்டு சுப்ரஜா தாரிணி அம்மையார் நிறுவிய ட்ரீ பவுண்டேஷன் என்னும் அமைப்பு மீனவ இளைஞரையே ஆமைக் காவலராகப் பயிற்றியது, அவ்வினாவின் ஒரு பகுதிக்கேனும் விடையாம்.

விசைப்படகுத் தொழிலாளியையும் கொடியவனாக எண்ணுதல் தகாது. அவன் படகுக்கு உரியவனல்லன். டீசல் விலையும் கடனும் அவனைக் கரையோர இறாலை நோக்கித் தள்ளுகின்றன. கம்பிச்சட்டத்தின் வழியே சிறிது மீனும் தப்புமென்பது அவன் அச்சம். அவ்வச்சத்தைக் கேட்டு எழுதி வருதலும் மாணாக்கர்க்குப் பயிற்சியே.

இனி நம் பக்கத்திற்கு வருவோம். மரக்காணத்துக் கரையிலும் பங்குனி ஆமை ஏறுகின்றது. அக்கரையை ஒட்டிக் கழுவேலி என்னும் பெருஞ்சதுப்பேரி உள்ளது. ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட அப்பரப்பை 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் அரசாங்கத்தார் பறவைகள் சரணாலயமாக அறிவித்தனர். மழைக்காலத்தில் நன்னீரும், கோடையில் உவர்நீரும் உடையதாய், இடையன்திட்டு முகத்துவாரத்தின் வழியே அது கடலொடு கலக்கின்றது. ஆமை, பறவை, உப்பளம், குப்பம், ஏரிப்பாசனம் ஆகிய அனைத்தும் திண்டிவனத்தினின்று ஒரு பேருந்துப் பயணத்தில் அடங்கியுள்ளன. சென்னை மாணாக்கர்க்கு இவ்வளவும் ஒருங்கே கிட்டவில்லை.

விலங்கியல் ஆசிரியரும் யாமும் கூடிப் பேசி, வரும் தை முதல் பங்குனி வரை, பதின்மருக்கு மிகாத குழுவொன்றை மாதம் இருமுறை மரக்காணத்திற்கு அழைத்துச் செல்லக் கருதியுள்ளோம். வனத்துறையாரின் எழுத்து மூலமான அனுமதியின்றி முட்டையையோ ஆமையையோ தொடுதல் சட்டப்படி குற்றமாதலின், முதல் ஆண்டில் எம் மாணாக்கர் கூட்டினைத் தொடார். வனக்காவலர் எடுக்கும்போது உடனிருந்து பார்ப்பர். பெண் மாணாக்கியர் வருதற்குப் பெற்றோரின் இசைவும், குப்பத்திற் தங்குதற்கு ஒரு வீடும் வேண்டும், அவ்வீடு கிடைத்துள்ளது. விளக்கணைத்து நடக்க எவர்க்கும் கற்பிக்க வேண்டுவதில்லை. எம் பக்கத்துப் பிள்ளைகள் இரவில் வயலுக்கு நீர் பாய்ச்சச் சென்று பழகியவரே.

இதற்கெனக் குறிப்பேடு ஒன்று தைத்து வைத்துள்ளோம். சென்னை மாணாக்கரின் ஏட்டைப் பார்த்து அமைத்தது: நாள், நேரம், இடம், தடம், கூடு, முட்டைத்தொகை, இறந்த ஆமை, ஓட்டின் அளவு. அவற்றோடு ஒரு பத்தியை யாம் சேர்த்துள்ளோம். அதன் தலைப்பு, அறுந்த வலை.